குல்டீகாவில் குறைந்த செலவில் தங்குவது எப்படி: விசா காகிதம் முதல் அறைச் சாவி வரை

வட ஐரோப்பிய நாடான லாட்வியாவின் மேற்குப் பகுதியில் குல்டீகா என்றொரு சிறிய ஊர். தலைநகர் ரீகாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். போன ஜூன் மாதம் நானும் என் தங்கையும் அங்கே ஒரு ஹாஸ்டலில் ஆறு இரவு தங்கினோம். அந்த ஆறு இரவுக்காக நாலு மாதம் அலைந்தோம். விசா விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. ஊரில் இறங்கிய அன்று பூட்டிய கதவின் முன்னால் பெட்டியோடு நின்றோம். இரண்டுமே தவிர்த்திருக்கக்கூடியவை. உங்களுக்கு அவை நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய நகரத்து ஹாஸ்டல் வேறு, சிற்றூர் ஹாஸ்டல் வேறு. சிற்றூரில் ஒருவரோ இருவரோதான் எல்லா வேலையையும் பார்க்கிறார்கள். நீங்கள் எழுதிக் கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்காததை அவர்களாக ஊகித்துச் செய்ய மாட்டார்கள். கீழே உள்ளதில் பாதி, எதை எப்போது எழுதிக் கேட்பது என்பதுதான்.

1. முதலில் மாதம், அப்புறம் தேதி

மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை போகலாம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும், சிறிய விடுதிகள் பல அப்போது மூடியே கிடக்கும். ஏப்ரலில் ஊருக்குள் ஓடும் வெண்டா ஆற்றில் வெள்ளம் வரும்போது மீன்கள் அருவியைத் தாண்டி எகிறுவதைப் பார்க்கவே கூட்டம் வரும். அந்த வாரங்களுக்குக் கட்டில் வேண்டுமென்றால் வெகு முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் ஜூன் 23, 24. அங்கே நடுக்கோடைத் திருநாள், இரண்டு நாளும் அரசு விடுமுறை. ஊர் முழுக்கக் கிராமத்துப் பக்கம் போய்விடும். பேருந்துகள் குறையும், கடைகள் மூடும் அல்லது சீக்கிரம் அடைக்கும். திருவிழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, இரண்டு நாள் சாப்பாட்டை 22ஆம் தேதியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் நடக்கும் ஊர்த் திருவிழா வாரத்திலும் மலிவான கட்டில்கள்தான் முதலில் தீரும்.

2. ஹாஸ்டல் என்ற பெயரில் என்ன கிடைக்கும்

மூன்று வகை. ஒன்று, பயணிகளுக்கென்றே நடத்தும் விடுதி: பொது அறையில் அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறை, சமையலறை. இரண்டாவது, தொழிற்பள்ளிகளின் மாணவர் விடுதி. கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போனதும் அறைகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். பால்டிக் நாடுகளில் (லாட்வியா, எஸ்டோனியா, லிதுவேனியா) பல சிற்றூர்களில் இந்த வழக்கம் உண்டு. வசதி குறைவு, ஆனால் சுத்தம், விலையும் மலிவு. மூன்றாவது, வீட்டு மாடியில் இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி, ‘விருந்தினர் இல்லம்’ என்று நடத்துவது.

பொது அறையில் ஒரு கட்டில் பெரும்பாலும் 15 முதல் 25 யூரோ. இருவருக்கான தனி அறை 35 முதல் 45 யூரோ. இருவராகப் போகிறவர்கள் தனி அறையின் விலையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு கட்டில் 36 யூரோ, தனி அறை 40 யூரோ என்று இருந்தால் நான் தனி அறையையே எடுக்கச் சொல்வேன். நாலு யூரோவில் நிம்மதியான தூக்கம் கிடைக்கும்.

3. பதிவு செய்வது: ஒரு மின்னஞ்சலில் ஐந்து கேள்வி

முன்பதிவுத் தளத்தில் பதிவு செய்தாலும் சரி, நேரடியாகச் செய்தாலும் சரி, அதோடு நிற்காதீர்கள். விடுதிக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எளிய ஆங்கிலம் போதும். கேட்க வேண்டியவை:

முதலாவது, தங்கும் எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உறுதிக் கடிதத்தில் இருக்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தது இதனால்தான். பதிவு என் பெயரில் இருந்தது, அதன் கீழே ‘பெரியவர்கள் 2’ என்று மட்டும். அந்த இரண்டாவது ஆள் தங்கைதான் என்று அந்தக் காகிதம் எங்கேயும் சொல்லவில்லை. நம்மூர்ப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் குடும்பப் பெயரும் முன்னே பின்னே கிடக்கும் என்பதால், பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் மின்னஞ்சலில் ஒட்டி அனுப்புங்கள். விடுதிக்காரர் ஒரே நாளில் புதுக் கடிதம் அனுப்பினார். ஆனால் எங்களுக்கு அடுத்த சந்திப்பு நேரம் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது.

இரண்டாவது, வரவேற்பு மேசையில் எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள்? பிந்தி வந்தால் சாவி எப்படிக் கிடைக்கும்? கதவுக்குக் குறியீட்டு எண் உண்டா, சாவிப் பெட்டி உண்டா? ‘பிந்தி வரலாம்’ என்று அவர்கள் சொன்னால் நம்பி நிற்காதீர்கள், அந்த எண்ணையே முன்னதாக அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது, படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா? மாணவர் விடுதிகளில் விரிப்புக்குத் தனியாக 3, 4 யூரோ கேட்பார்கள். நாலாவது, பணம் எப்போது, எப்படி: அட்டையா, ரொக்கமா, முன்கூட்டி வங்கி வழியாகவா? ஐந்தாவது, சமையலறையில் அடுப்பு இருக்கிறதா, இல்லை மைக்ரோவேவ் மட்டுமா? நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம்.

விசா வரும் வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவையே எடுங்கள். ‘திரும்பத் தர இயலாது’ என்பது நாலு யூரோ மலிவாக இருக்கும், ஆனால் விசா மறுத்தால் முழுப் பணமும் போகும். விசா வந்தபின் அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டு மனம் போன போக்கில் சுற்றலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தங்குமிடத்தை எல்லையிலும் கேட்பார்கள், காட்ட எதுவும் இல்லையென்றால் சிக்கல் உங்களுக்குத்தான்.

4. விசாவும் காகிதங்களும்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கான விசா. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக இரவு எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். எல்லா நாட்டிலும் சம அளவு என்றால், முதலில் நுழையும் நாட்டிடம். குல்டீகாவில் ஆறு இரவும் எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் இரண்டு இரவும் என்றால் லாட்வியாவிடம்தான். லாட்வியத் தூதரகம் டெல்லியில் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் விண்ணப்பம் வாங்கும் மையம் எது என்பதைத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட்டு நேரம் வாங்குங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை ஆகலாம். கோடைக்குப் போகிறவர்கள் மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

வைத்திருக்க வேண்டியவை: பத்து ஆண்டுக்குள் வழங்கிய பாஸ்போர்ட், இரண்டு வெற்றுப் பக்கங்களோடு, நீங்கள் திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம். குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும் செல்லும் மருத்துவக் காப்பீடு. போகவர விமானப் பதிவு. பேங்க் ஸ்டேட்மென்ட். வேலையில் இருந்தால் லீவு லெட்டர். அப்புறம், ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம்.

இந்தக் கடைசிக் காகிதத்தில்தான் பலர் விழுகிறார்கள். விமானம் ரீகாவில் மாலை இறங்குகிறது, அன்று குல்டீகா போக முடியாது என்றால் ரீகாவில் ஒரு இரவுக்கும் பதிவு வேண்டும். நாங்கள் ஒரு தாளில் தேதி, ஊர், விடுதி, பதிவு எண் என்று நாலு கட்டம் போட்டு எல்லா இரவையும் வரிசையாக எழுதி மேலே வைத்தோம். இரண்டாவது முறை மேசையில் இருந்தவர் அந்த ஒரு தாளை வைத்தே மற்றதையெல்லாம் சரிபார்த்தார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. காப்பீட்டை இறங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பிருந்தும், திரும்பும் நாளுக்கு ஒரு நாள் பின்வரையும் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஜெர்மனியிலோ பிரான்சிலோ படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்குள்ள வதிவிட அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம். ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல், வேறொரு ஷெங்கன் நாடு தந்த விசாவிலோ வதிவிட அட்டையிலோ லாட்வியாவுக்கு வரும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள், நுழைவதற்கு 48 மணி நேரம் முன்பே லாட்விய அரசின் இணையப் படிவத்தில் தங்கள் விவரத்தையும் தங்குமிடத்தையும் பதிய வேண்டும். பதியாவிட்டால் அபராதம். ‘ஷெங்கனுக்குள் தானே போகிறோம்’ என்று இதை விட்டுவிடாதீர்கள்.

எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புது முறை 2025 அக்டோபர் 12இல் தொடங்கியது. நீங்கள் முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்தில்தான் அது நடக்கும். அங்கே விமானம் மாற இரண்டரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அதிகாரி குல்டீகா எங்கே இருக்கிறது, அங்கே என்ன வேலை என்று கேட்டார். விடுதிக் கடிதத்தையும் திரும்பும் டிக்கெட்டையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்ததால் எடுத்துக் காட்டினோம். போனில் மட்டும் வைத்திருந்தால் அந்த வரிசையில் நின்றுகொண்டு தேடவேண்டி வரும்.

5. பணம்

ஒரு யூரோ நூறு இந்திய ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குச் சுலபம். ஆறு இரவுக்கு ஒருவருக்கு எங்களுக்கு ஆனது: கட்டில் 108 யூரோ, விரிப்பு 4, ரீகாவிலிருந்து போய்வரப் பேருந்து 20, சாப்பாடு 70. ஏறத்தாழ 200 யூரோ. பெரும்பாலும் நாங்களே சமைத்தோம். தினமும் வெளியே சாப்பிட்டால் சாப்பாட்டுச் செலவு இரண்டு மடங்கைத் தாண்டும்.

நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடித்தான் இருக்கும். கிளம்புமுன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். ஓடிபி வருவது ஊர் சிம்முக்கு என்பதால் அதில் ரோமிங் இருக்க வேண்டும். இல்லையென்றால் விடுதிக்காரர் அனுப்பும் கட்டண இணைப்பில் பணம் கட்ட முடியாது. கையில் 50 யூரோ சிறு தாள்களாக வைத்திருங்கள். சாவிக்கு முன்பணம், துணி துவைக்கும் இயந்திரம், பேருந்தில் பெட்டி என்று அதற்குத்தான் தேவை வரும்.

6. ரீகாவிலிருந்து குல்டீகாவுக்கு

ரயில் கிடையாது, பேருந்து மட்டும்தான். ரீகா விமான நிலையத்திலிருந்து 22ஆம் எண் நகரப் பேருந்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் நகர மையம். மத்தியச் சந்தைக்குப் பக்கத்தில்தான் பேருந்து நிலையம். 90 நிமிடம் செல்லும் நகரப் பேருந்துச் சீட்டு நாங்கள் போனபோது 1.50 யூரோ. அதை இயந்திரத்திலோ செயலியிலோ முன்னமே வாங்கிக்கொள்ளுங்கள்.

குல்டீகா பேருந்து, வழியைப் பொறுத்து இரண்டரை மணி முதல் மூன்றரை மணி நேரம் போகும். சீட்டு பத்து யூரோவுக்கு முன்பின். நிலையத்தின் தளத்திலோ மொபில்லி செயலியிலோ வாங்கலாம். பெரிய பெட்டிக்குத் தனியாகச் சிறு தொகை கேட்பதுண்டு. ஒரு நாளில் சில வண்டிகள்தான், ஞாயிற்றுக்கிழமை அட்டவணையும் வேறு. மாலை வண்டியை நம்பாமல் மதிய வண்டியைப் பிடியுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

7. ஊரில் இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

நாங்கள் இறங்கியபோது இரவு ஒன்பதே முக்கால். வெளிச்சம் இருந்ததால் நேரம் போனதே தெரியவில்லை. பழைய ஊரின் தெருக்களெல்லாம் உருண்டைக் கல் பதித்தவை, டிராலிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் இடித்து நிற்கும். இழுப்பதை விட்டுத் தூக்கிக்கொண்டே நடந்தோம். முடிந்தால் தோளில் மாட்டும் பை கொண்டு போங்கள்.

விடுதிக் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் லாட்விய மொழியில் இரண்டு வரி, அதன் கீழே ஒரு தொலைபேசி எண். எங்கள் சிம்மிலோ ரோமிங் இல்லை. எதிர்வீட்டுத் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினார், வந்து அந்தத் தாளைப் படித்தார், தன் போனிலிருந்து அழைத்தார். பத்து நிமிடத்தில் விடுதிக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவர் மேல் தப்பில்லை. மேசையில் எட்டு மணி வரைதான் ஆள் என்று பதிவிலேயே போட்டிருந்தது. எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லாதது நாங்கள்தான்.

எனவே, ரீகாவிலேயே ஒரு சிம் வாங்கிவிடுங்கள். நார்வெசென் கடைகளில் முன்பணச் சிம் கிடைக்கும். பேருந்தில் ஏறியதும் ‘இத்தனை மணிக்கு வந்து சேருவோம்’ என்று விடுதிக்கு ஒரு செய்தி போடுங்கள். ‘ஸ்லேக்ட்ஸ்’ என்றால் மூடியிருக்கிறது, ‘அத்வேர்ட்ஸ்’ என்றால் திறந்திருக்கிறது. ‘லப்தியென்’ என்று வணக்கம் சொல்லுங்கள், ‘பல்தியெஸ்’ என்று நன்றி சொல்லுங்கள்.

உள்ளே போனதும் விருந்தினர் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போடச் சொல்வார்கள். ஷெங்கன் நாடுகளில் இது சட்டப்படியான நடைமுறை. பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், பார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சாவிக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள், பணமாகக் கொடுங்கள்.

8. அடுப்படி

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம் விடுதியின் சமையலறை. அதற்குக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும்.

ஊரிலிருந்து எதைக் கொண்டு போகலாம்? பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், கடுகு, மிளகாய் எல்லாம் சரி. பாலோ இறைச்சியோ சேர்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பால் பவுடர் எல்லாம் இதில் சேரும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அம்மா ஆசையாகக் கட்டித் தருவார், எடுத்துச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள்.

அங்கே ரிமி, மாக்சிமா போன்ற கடைகளில் அரிசியும் காய்கறியும் கிடைக்கும். பயறு வகைகளும் பெரும்பாலும் இருக்கும்: ‘லேத்சஸ்’ என்றால் மைசூர்ப் பருப்பு இனம், ‘துர்கு சிர்ஞி’ என்றால் கொண்டைக்கடலை. எங்களைக் காப்பாற்றியது பால் பொருள் அடுக்கு. ‘ரூகுஷ்பியென்ஸ்’ என்று போட்டிருப்பது நம் புளித்த தயிருக்கு மிக நெருக்கம். ‘பனிஞாஸ்’ என்பது மோர். சோற்றைக் குழைய வடித்து, ரூகுஷ்பியென்ஸ் ஊற்றிப் பிசைந்து, கடுகு தாளித்துக் கொட்டினால் தங்கை சொன்னதுபோல ‘வீட்டுச் சோறேதான்’.

அந்தத் தாளிப்பில்தான் கவனம் வேண்டும். முதல் நாள் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, மிளகாய்ப் புகை கூரையைத் தொட்ட நொடியில் புகைக் கருவி அலறத் தொடங்கியது. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த இருவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார்கள். மன்னிப்புக் கேட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். அடுத்த நாளிலிருந்து முதலில் ஜன்னலைத் திறந்து, அடுப்பின் மேலுள்ள புகைபோக்கியைப் போட்டு, அனலைக் குறைத்து, மிளகாயைக் கடைசியில் சேர்த்தோம். அதன்பின் தொல்லை இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உணவகத்தில் ‘பெஸ் கல்யஸ்’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லுங்கள். பட்டாணிக் குழம்பு என்று நம்பி வாங்கினால் அதில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கும், அங்கத்திய வழக்கம் அது. ஸ்க்லண்ட்ரவுசிஸ் என்ற சிறிய வட்டப் பலகாரத்தைத் தேடிச் சாப்பிடுங்கள். கோதுமை போன்ற ரை என்ற தானியத்தின் மாவு ஓட்டில் உருளைக்கிழங்கும் காரட்டும் வைத்துச் சுட்டது, அந்த வட்டாரத்துக்கே உரியது. முட்டையும் பால் பொருளும் சேரும்.

காலி பாட்டிலையும் டப்பாவையும் குப்பையில் போடாதீர்கள். முன்பணம் கட்டிய பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட், கடை வாசலிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

9. அறையில்

கண் மூடும் துணிப்பட்டை ஒன்று, இரண்டு உருண்டைக் கால் உள்ள சார்ஜர் அல்லது மாற்றுச் செருகி, சின்னப் பூட்டு, குளியலறைக்குச் செருப்பு. வாசலிலேயே காலணியைக் கழற்றுவது அங்கேயும் பழக்கம். இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை சத்தம் கூடாது. இந்தியாவில் அப்போது நேரம் இரண்டரை மணி முன்னே ஓடும் என்பதால், வீட்டுக்குப் பேசுவதை மாலையிலேயே முடித்துவிடுங்கள்.

வெண்டஸ் ரும்பா அருவி ஊருக்குள்ளேயே இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. உயரம் இரண்டு மீட்டர்தான், அகலம் நூறு மீட்டருக்கு மேல். கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது பாறை மேல் நடக்கிறார்கள். வழுக்கும், பழைய செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைப் புல்லில் நடந்து வந்த அன்று குளிக்கும்போது கணுக்கால், முழங்காலின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் பாருங்கள். அங்குள்ள உண்ணி மூளைக்காய்ச்சல் பரப்பக்கூடியது. ஒட்டியிருந்தால் நசுக்காமல் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள்.

அவசரம் எதுவானாலும் 112.

10. கிளம்பும் நாள்

முந்தின நாளே பேருந்து அட்டவணையை மறுபடி பாருங்கள். அறையைக் காலி செய்ய வேண்டியது பதினொரு மணிக்கு, வண்டி மதியம் என்றால் பெட்டியை வைத்துக்கொள்ள முடியுமா என்று முதல் நாள் மாலையே கேளுங்கள். காலையில் கேட்க மேசையில் ஆள் இருக்கமாட்டார். விரிப்பையும் தலையணை உறையையும் உருவிக் கட்டில் மேல் மடித்து வையுங்கள், குளிர்பெட்டியில் உங்கள் பெயர் எழுதியவற்றை எடுத்துவிடுங்கள். மீந்த அரிசியையும் உப்பையும் பொது அலமாரியில் வைத்துவிட்டு வரலாம், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். சாவி முன்பணத்தைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். ஆள் இல்லாமல் பெட்டியில் போடச் சொன்னால், போடும் முன் சாவியை ஒரு படம் எடுத்து, நேரத்தோடு விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். எங்களுக்குச் சாவி முன்பணமான பத்து யூரோ இரண்டு நாளில் அட்டைக்கே வந்துவிட்டது.